சங்கத் தொலைபேசியை இணைய வழிக்கு மாற்றுதல்: சில முன்யோசனைகள்

நூல் லோடு வந்ததா, மஞ்சள் இன்று என்ன விலைக்குப் போயிற்று, கூலிப் பட்டுவாடா எந்தக் கிழமை என்று கேட்பதற்கு அங்கத்தினர்கள் அறிந்த வழி சங்கத்தின் தொலைபேசி எண்தான். பாஸ் புத்தகத்திலும், ரசீதிலும், விற்பனை நிலையப் பையிலும் அச்சாகியுள்ள அந்த எண், சொத்துப் பதிவேட்டில் ஏறாத ஒரு சொத்தாகும். இன்று பல சங்கங்கள் பழைய செம்புக் கம்பி இணைப்பை விட்டு, இணையத்தின் வழியே பேசும் முறைக்கு மாற உத்தேசித்துள்ளன. மாறலாமா என்பதைக் காட்டிலும், எவ்விதம் மாறுவது என்பதையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

பழைய முறையில் நமது குரல் மின்னோட்டமாக இரட்டைக் கம்பியில் சென்றது. அக்கம்பிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தைத் தொலைபேசி நிலையத்திலுள்ள பாட்டரிகளே அளித்தன. ஊரில் மின்சாரம் நின்றாலும் தொலைபேசி பேசியதன் ரகசியம் இதுவே. புதிய முறையில் குரல், விநாடிக்குச் சுமார் ஐம்பது சிறு கட்டுகளாக எண் வடிவில் பிரிக்கப்பட்டு, ஃபைபர் இழையில் சென்று, மறுமுனையில் மீண்டும் குரலாகச் சேர்க்கப்படுகிறது. இதன் பெரும் சௌகரியம், இருபது மைலுக்கு அப்பாலுள்ள விற்பனை நிலையத்தையும் சாயப் பட்டறையையும் தலைமை அலுவலகத்தின் உள் எண்களாக வைத்துக்கொள்ளலாம் என்பதே. அங்கத்தினருக்கு இதனால் புதுத் தொல்லை ஏதுமில்லை. தம்மிடமுள்ள சாதாரணக் கைப்பேசியிலிருந்து வழக்கம்போல் அழைக்கலாம்.

ஆனால் சங்கக் கட்டடத்தில் மின்சாரம் நின்றால், ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் நிற்கும், தொலைபேசியும் ஊமையாகும். பிரிட்டனில் நிகழ்ந்ததை இங்கே கவனித்தல் நலம். அந்நாட்டில் பழைய தொலைபேசி வலையை 2025 டிசம்பரில் மூடுவதாக முதலில் திட்டமிட்டுப் பின்னர் 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தனர். 2021 நவம்பரில் அடித்த ஆர்வென் புயலில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் மூழ்கின. மின்சாரம் இல்லாதபோது புதிய இணைப்பு பயன்படாதே என்ற அச்சம் வலுத்தது. 2022 மார்ச்சில் பி.டி. நிறுவனம் வீட்டு இணைப்புகளை மாற்றும் வேலையைத் தற்காலிகமாக நிறுத்திற்று. 2023 டிசம்பரில் மற்றொரு விபரீதம் வெளியாயிற்று. தனித்து வாழும் முதியோர் ஆபத்தில் அழுத்தும் அபாயப் பொத்தான் பழைய தொலைபேசிக் கம்பியையே நம்பியிருந்தது. மாற்றத்துக்குப் பின் சிலருக்கு அது வேலை செய்யவில்லை. கம்பியை மாற்றியவர்கள் தொலைபேசியை மட்டுமே எண்ணினார்கள். அதே கம்பியில் வேறென்ன தொங்குகிறது என்று பார்க்கவில்லை.

நமது சங்கங்களிலும் இந்நிலை உண்டு. நகைக்கடன் வழங்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பாதுகாப்பு அறையின் திருட்டு எச்சரிக்கை மணி, நள்ளிரவில் காரியதரிசியின் எண்ணைத் தானே அழைக்கும்படி தரைவழி இணைப்பில் கோக்கப்பட்டிருக்கலாம். அங்கத்தினர் தாலிச் சங்கிலி வரை வைத்திருக்கும் அறை அது. ஆகவே முதல் வேலை, இணைப்பை விண்ணப்பிப்பதன்று. சுவரோரமாகக் கம்பியைத் தொடர்ந்து சென்று, அது எங்கெங்கு போய் முடிகிறது என்று ஒரு தாளில் எழுதுவதே. ஃபாக்ஸ் பெட்டி ஏதேனும் இன்னும் உயிரோடிருந்தால் அதையும் குறிக்க வேண்டும். குரலைச் சுருக்கி அனுப்பும் இணைய இணைப்பில் ஃபாக்ஸ் ஒழுங்காகப் போவதில்லை.

மின்சாரத்துக்குப் பரிகாரம் எளிது, கணக்குத்தான் வேண்டும். ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் சேர்ந்து 15 வாட் எடுப்பதாகக் கொள்வோம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் இருப்பது 84 வாட்-மணி. வகுத்தால் ஐந்தரை மணி நேரம் வரும். சேதாரம் போக நான்கு மணி என்று வைத்துக்கொள்வதே விவேகம். மேசைத் தொலைபேசி ஒவ்வொன்றும் மேலும் சில வாட் எடுக்கும் என்பதை மறவாதீர். கணினிக்கும் மின்விசிறிக்கும் இருக்கும் இன்வெர்ட்டரிலேயே இவற்றையும் மாட்டினால், மாலைக்குள் எல்லாம் சேர்ந்தே அணையும். தனி பாட்டரி வைப்பதே நமது அபிப்பிராயம். அதோடு 112, 108 ஆகிய எண்களை அழைப்பதற்கு ஒரு சாதாரணக் கைப்பேசி அலுவலகத்தில் எப்போதும் இருத்தல் வேண்டும்.

இணைய வேகத்தைப் பற்றி விற்பனையாளர்கள் பெரிய எண்களைச் சொல்லி மயக்குவார்கள். ஒரு பேச்சுக்கு இரு திசையிலும் 100 கிலோபிட் இருந்தால் போதும். ஆறு பேர் ஒரே சமயத்தில் பேசினாலும் 600 தான். கேட்க வேண்டியது வேகத்தையன்று, நிதானத்தை. குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல 150 மில்லி விநாடிக்கு மேல் ஆனால் பேச்சு இடித்துக்கொள்ளும். எனவே கணக்கர் பெரிய கோப்புகளை அனுப்பும் முற்பகல் வேளையில் சோதித்துப் பார்த்து, பேச்சுக்கு முன்னுரிமை தரும்படி ரூட்டரை அமைக்கச் சொல்ல வேண்டும்.

எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கைப்பேசி எண்ணைப் போலத் தரைவழி எண்ணையும் எந்த நிறுவனத்துக்கும் எடுத்துச் செல்லலாம் என்று எண்ணுவோர் பலர். அங்ஙனமன்று; பழைய எண் தொடருமா என்பதை எழுத்து மூலம் பெற வேண்டும். நாம் பார்வையிட்ட ஒரு நெசவாளர் சங்கத்தில், புதிய இணைப்பு வந்த அன்றே பழையதை ஒப்படைத்துவிட்டனர். எண் போயிற்று. வெளியூர் வியாபாரி ஒருவர் மூன்று நாள் அழைத்துப் பார்த்துவிட்டு, துண்டு ஆர்டரை வேறிடம் கொடுத்துவிட்டார். அச்சடித்த ரசீதுப் புத்தகங்களோ பீரோ நிறைய! இரண்டு இணைப்புகளையும் குறைந்தது இரண்டு மாதம் சேர்ந்தே வைத்திருப்பதற்காகும் வாடகை, இந்த நஷ்டத்துக்கு முன் அற்பம்.

தீபாவளித் தள்ளுபடி விற்பனைக் காலத்திலோ, மஞ்சள் வரத்து மிகும் தை முதல் பங்குனி வரையிலோ மாற்றத்தை வைத்துக்கொள்ளலாகாது. முதலில் விற்பனை நிலையம் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது நல்லது. தரைவழி எண்ணிலிருந்து கைப்பேசியை அழைக்க 2021 ஜனவரி 15 முதல் முன்னே பூஜ்யம் சேர்க்க வேண்டியிருப்பதால், சேமித்து வைத்த எண்களையும் அப்போதே சரிபார்த்துவிடலாம்.

மலிவு விலை கேட்டு, உரிமம் பெறாத இடைத்தரகரிடம் இணைப்பு வாங்குதல் சட்டத்துக்குப் புறம்பாகும். விலைப்புள்ளி கோரும்போதே தொலைத்தொடர்பு உரிமத்தின் நகலைக் கேட்க வேண்டும். மற்றொரு வகைத் திருட்டும் உண்டு. தொலைபேசிப் பெட்டியின் கடவுச்சொல் எளிதாயிருப்பின், எங்கோ இருக்கும் கள்வர் இரவோடிரவாக அதன் வழியே அயல்நாடுகளுக்கு அழைப்பர்; பில் சங்கத்தின் பேரில் வரும். அயல்நாட்டு அழைப்பு தேவையில்லாத சங்கம் அதை அறவே அடைத்து வைக்கும்படி நிறுவனத்துக்கு எழுத வேண்டும்.

நிர்வாகக் குழுவின் தீர்மானத்தில், எந்த நிறுவனம், எத்தனை இணைப்பு, பழைய எண் எந்தத் தேதி வரை, கடவுச்சொல் யாருடைய பொறுப்பு என்பவை தெளிவாக இடம்பெற வேண்டும். கடவுச்சொல்லை மட்டும் தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல், முத்திரையிட்ட உறையில் பெட்டகத்தில் வைக்க வேண்டும்.