முதல் வண்டி வாங்கப் போகும் மருமகளுக்கு



உன் கடிதம் கிடைத்தது. ஒரகடத்துத் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமான செய்தியும், கைக்கு வந்த முதல் போனஸில் அம்மாவுக்குப் புடவை எடுத்தது போக மிச்சத்தை வைத்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சுற்றிவர உத்தேசித்திருக்கும் செய்தியும் ஒருசேர வந்து மனத்தை நிறைத்தன. எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டு, மூன்று பெயர்களை எழுதி, மூன்றுக்கும் எதிரே குதிரைசக்தியைக் குறித்திருக்கிறாய். வண்டியின் எடையையும் இருக்கையின் உயரத்தையும் எங்கும் காணோம். இந்தக் கடிதம் இவ்வளவு நீண்டு போவதற்கு அதுதான் காரணம்.

நீ இருக்கும் பிரதேசத்தில் ஒருவருக்குப் பெரிய வண்டிமேல் ஆசை பிறக்காவிட்டால்தான் அதிசயம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் கூடி என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, பிறகு திருவொற்றியூரில் புல்லட்டை உற்பத்தி செய்துவந்த காலத்தில், ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமாநுஜர் அவதரித்த தலம் என்றும், சுற்றிலும் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் பூமி என்றும்தான் ஜனங்கள் அறிந்திருந்தார்கள். ரெட்டிச்சில் உற்பத்தி நின்று பல வருஷங்கள் கடந்த பின்னும் இங்கே உயிரோடிருந்த அந்த வண்டி, 2013இல் ஒரகடத்துக்கும் 2017இல் வல்லம் வடகாலுக்கும் குடிவந்தது. யமஹாவும் 2015இல் வல்லம் வடகாலில் தொழிற்சாலை திறந்தது. டயர் ஒரகடத்திலேயே அப்பல்லோவில் தயாராகிறது. பந்தயம் பார்க்க வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஓடுபாதை 1990 முதல் இருக்கிறது. தன் கையால் நட்டு முடுக்கிய வண்டியின்மேல் ஒரு தொழிலாளிக்கு ஏற்படும் அபிமானம் மிக உயர்ந்த உணர்ச்சி என்றே நான் கருதுகிறேன். ஆனால், உன் லைனில் உள்ள சிநேகிதர்கள் எவ்வளவு பிரியத்தோடு சிபாரிசு செய்தாலும், ஒரு யந்திரம் செம்மையாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதனால் மட்டும் அது முதல்முதலாகக் கியர் வண்டி ஓட்டும் உனக்குப் பொருந்திவிடாது.

ஆகவே, உன் ஞாயிற்றுக்கிழமைகள் உண்மையில் எங்கே போகும் என்பதை முதலில் யோசி. அறைச் சுவரில் லடாக் படம் ஒட்டியிருப்பாய். என்றாவது ஒருநாள் நீ அங்கே போகவும் வேண்டும். ஆயினும் வருஷத்தின் பெரும்பாலான ஞாயிறுகளில் நீ விடியற்காலையில் புறப்பட்டு, வாலாஜாபாத்தில் காபி குடித்து, பாலாற்றுப் பாலம் கடந்து, பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கும் உத்திரமேரூருக்குப் போய், குளிர்காலமானால் வேடந்தாங்கலில் பறவைகளைப் பார்த்துவிட்டு, படாளம் வழியாகப் பெரிய சாலையைப் பிடித்துச் செங்கற்பட்டு, சிங்கப்பெருமாள்கோயில் மார்க்கமாக மாலைக்குள் அறைக்குத் திரும்புவாய். அந்தப் பிரயாணத்தில் உனக்கு வேண்டிய வேகம் மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டருக்கு மேல் இல்லை. ஏரிக்கரைச் சாலையில் அவ்வளவுகூட வேண்டாம். அறையிலிருந்து கிளம்பும் முதல் சில மைல்களோ, கன்டெய்னர் லாரிகளும் ஷிப்ட் முடிந்து வரிசையாகத் திரும்பும் கம்பெனி பஸ்களும் நடுத்திட்டின் இடைவெளியில் திடீரென்று வளைந்து திரும்பும் ஆட்டோக்களும் நிறைந்த சாலை. ஓரத்தில் லாரியிலிருந்து சிந்திய மணல் எப்போதும் கிடக்கும். அங்கே உன்னைக் காப்பாற்றப் போவது பிரேக்கும், வண்டியைச் சட்டென்று நகர்த்தித் திருப்பும் உன் சாமர்த்தியமுமே.

வண்டி போகும் வழிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பனி தேசங்களில் குளிர்காலத்தில் உல்லாசமாகப் பனிப்பாதையில் ஓட்டுவதற்கென்று தனி ஊர்திகள் உண்டு. கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்பவர் 1959இல் ஸ்கி-டூ என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று அதில், சமன்செய்த பாதைக்கு ஒரு ஜாதியும், ஆழ்பனி மூடிய மலைச்சரிவுக்கு நீண்ட பட்டை பொருத்திய வேறொரு ஜாதியும் விற்கிறார்கள். மலைக்குரியதை வாங்கிப் பாதையில் ஓட்டுபவர் வளைவுதோறும் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தேசம் வேறு, பனி வேறு, ஆனால் முதல் ஊர்தி வாங்குகிறவர் முன் நிற்கும் கேள்வி உன் கேள்வியேதான்.

இனி எடைக்கு வருகிறேன். ஓடும் வண்டியின் எடையை நீ உணரவே மாட்டாய். பெட்ரோல் பங்கின் சரிவில் நின்றுவிட்ட வண்டியைப் பின்னுக்குத் தள்ளும்போதும், டீக்கடை எதிரில் குறுகலான இடத்தில் திருப்பும்போதும், சரளைக்கல்லில் ஒரு கால் வழுக்கும்போதும்தான் அது தன் முழுச் சொரூபத்தைக் காட்டும். யமஹா எஃப்.இசட். சுமார் 136 கிலோ. என்ஃபீல்டின் ஹண்டர் 350 சுமார் 181. கிளாசிக் 350 சுமார் 195. புதிய ஹிமாலயன் 450உம் ஏறக்குறைய அதே 196தான். எனினும் கிளாசிக்கின் இருக்கை 805 மில்லிமீட்டர் உயரத்திலும் ஹிமாலயனின் இருக்கை 825இலும் இருப்பதனாலும், ஹிமாலயனின் பாரம் மேலே ஏறி நிற்பதனாலும், தராசில் சமமான இரண்டும் உன் இடுப்புக்குக் கீழே சமமாக இருப்பதில்லை. மீட்டியாரின் இருக்கையோ 765 மட்டுமே. உன் உயரத்துக்கு அது இதமாக இருக்கலாம், ஆனால் கால் முன்னே நீட்டி உட்காரும் அந்த ஆசனம் உன் முதுகுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை அரைமணி நேரமாவது ஓட்டினால் ஒழியச் சொல்ல முடியாது.

ஷோரூமுக்குப் போகும்போது, வண்டி ஓட்டும்போது அணியப்போகும் ஷூவையே போட்டுக்கொண்டு போ. ஏறி உட்கார்ந்து, இரண்டு பாதங்களின் முன்பாதியும் தரையில் நன்றாகப் பதிகின்றனவா என்று பார். சைடு ஸ்டாண்டை எடுத்து, எஞ்சினைப் போடாமல், பத்தடி முன்னும் பத்தடி பின்னும் நீயே தனியாகத் தள்ளு. ஹேண்டிலை இருபுறமும் கடைசிவரை ஒடித்துத் தள்ளு. கிளட்ச் லிவரை இரண்டு விரலால் எட்டிப் பிடிக்க முடிகிறதா, விட்டுவிட்டு இருபது தடவை அழுத்தினால் மணிக்கட்டு நோகிறதா என்று கவனி. பிறகு டெஸ்ட் ரைடில் வேகமாகப் போகாதே. வேகமாக எல்லா வண்டியும் நேராகத்தான் போகும். நடக்கும் வேகத்தில், கிளட்ச்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை இலேசாக மிதித்தபடி, சாலையின் அகலத்துக்குள் ஒரே வீச்சில் திருப்பிப் பார். மூன்று தடவையில் கால் ஊன்றாமல் திரும்ப முடிந்தால் அந்த வண்டி உன் வசமாகக்கூடியது. கூடவந்த விற்பனையாளர் அவசரப்படுத்தினால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடு.

கிளாசிக் போன்ற வண்டிகளுக்கு நான் விரோதி என்று நினைத்துவிடாதே. 349 சி.சி.யில் இருபது குதிரைசக்தி என்றால் காகிதத்தில் சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் 27 நியூட்டன் மீட்டர் இழுவிசையினால், கியரை அடிக்கடி மாற்றாமல் நாள் முழுக்க நிதானமாகப் போகும் சுகம் அதற்கே உரியது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்து, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவிகிதமாகிவிட்டதையும் கணக்கில் வைத்துக்கொள். இருந்தாலும் என் திடமான அபிப்பிராயம், உன் முதல் வருஷத்துக்கு 150 சி.சி. வண்டி ஒன்றைப் பழையதாக வாங்குவதே உத்தமம் என்பது. கீழே விழாமல் கற்றுக்கொள்பவர் யாருமில்லை. 136 கிலோவை நீயே தூக்கி நிறுத்தி, வளைந்த லிவரைச் சில நூறு ரூபாயில் மாற்றிக்கொண்டு, அழாமல் மறுபடியும் கிளம்பலாம், இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கும் புது வண்டி சாய்ந்தால் அதற்கப்புறம் அதை எடுக்கவே மனம் துணியாது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகள் அனைத்துக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டபடியால் அதற்குப் பிந்திய வண்டியாகவே தேடு.

பழைய வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். போனவுடன் எஞ்சின் ஓரத்தில் கையை வை. சூடாக இருந்தால், நீ வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்டார்ட் ஆனதும் நீலப்புகை கசிந்தால் ஆயில் எரிகிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 3223 என்றிருந்தால் 2023ஆம் வருஷத்து 32ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. தேய்மானம் குறைவாக இருந்தாலும் வயதான ரப்பர் கெட்டியாகி, மழையில் பிடிப்பை இழந்திருக்கும். முன் ஃபோர்க் குழாயை விரலால் துடைத்துப் பார்; எண்ணெய் ஒட்டினால் ஆயில் சீல் போய்விட்டது. பின் ஸ்ப்ராக்கெட்டில் செயினைப் பின்பக்கமாக இழுத்தால் பல்லின் பாதி வெளியே தெரிகிறதென்றால் செயின் செட் முழுவதையும் மாற்ற வேண்டும். மெக்கானிக்கைக் கொண்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் செய்து, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பு. நடுவில் ஓரிடத்தில் கடக்கென்று சிக்கினால் கோன் செட் தேய்ந்திருக்கிறது. லிவர் நுனியிலும் கால்மிதியின் ஓரத்திலும் இருக்கும் தேய்மானம் பெரிய குற்றமல்ல. ஹேண்டில் முழுவதும் திரும்பி முட்டும் இடத்தில் சட்டம் நசுங்கியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த வண்டி வேண்டாம். இவையெல்லாம் தர ஆய்வில் நீ தினமும் செய்யும் வேலைதானே!

மிச்சமாகும் பணத்தில் ஹெல்மெட்டுக்கு முதல் ஸ்தானம் கொடு. ஐ.எஸ். 4151 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருப்பது 2021 ஜூன் முதல் சட்டப்படி அவசியம். ஆனால் முத்திரை இருந்தும் தலைக்குப் பெரிதாயிருந்தால் பிரயோஜனமில்லை. வாரைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினால் கன்னத்துத் தோலும் ஹெல்மெட்டோடு சேர்ந்தே அசைய வேண்டும். கையுறையும் கணுக்கால் மூடிய ஷூவும் அதற்கடுத்தவை. சைலன்சர் மாற்றுவதற்கும் விளக்கு அலங்காரத்துக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவிடாதே.

மலைக்கு எப்போது போகலாம் என்று கேட்டிருக்கிறாய். சமவெளியில் ஒரு மழைக்காலத்தைக் கடந்த பிறகு ஏலகிரிக்குப் போ. தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர் சூட்டிய 14 கொண்டையூசி வளைவுகள்தாம், ஒன்றை ஒன்று நெருக்காமல் பாடம் சொல்லிக் கொடுப்பவை. கொல்லிமலையின் 70 வளைவுகள் அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும். ஏறும்போது கற்றுக்கொள்வதைவிட இறங்கும்போது கற்றுக்கொள்வதே அதிகம்: இரண்டாம் கியரில் எஞ்சினையே பிரேக்காக வைத்து, வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பார்வையைச் சாலையின் விளிம்பில் வைக்காமல், நீ போய்ச்சேர வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும்.

பாட்டி ஆட்சேபிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். பெங்களூருப் பெண் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் பாலைவனப் பந்தயங்களுக்கான உலகக் கோப்பையில் மகளிர் பட்டம் வென்றதை அவளிடம் சொல்லி வாதாடுவதைக் காட்டிலும், வண்டி வந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பின்னால் உட்கார வைத்து ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு மெதுவாக அழைத்துப் போவது பலனளிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு முன் லைசென்ஸில் கியர் வண்டிக்கான அனுமதியும் சேர்ந்திருக்க வேண்டும். பழகுநர் உரிமம் வாங்கி முப்பது நாள் கழித்துத்தான் பரீட்சைக்குப் போக முடியும் என்பதால் இந்த வாரமே விண்ணப்பித்துவிடு.

வண்டி பார்க்கப் போகும் தேதியை முன்கூட்டி எழுது; விற்பவரிடம், காலையில் எஞ்சினைத் தொடாமல் வைத்திருக்கும்படி முதல்நாளே சொல்லிவை. ஆர்.சி. புத்தகத்தில் கடன் குறிப்பு இருந்தால், வங்கியின் படிவம் 35 கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதே. வண்டியை உன் பெயருக்கு மாற்றும் 29, 30 ஆகிய படிவங்களில் விற்பவர் உன் எதிரிலேயே கையெழுத்திடட்டும். நான் முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

உன் மாமா