தோளில் செயற்கை மூட்டு: விழுந்தால் என்ன செய்வது?



சென்ற குளிர்காலத்தில் திருச்சியிலிருந்து என் பெரியம்மா டெல்லிக்கு எங்கள் வீட்டிற்கு வந்திருந்தார். வலது தோளில் செயற்கை மூட்டு பொருத்தப்பட்டவர். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மேற்கை எலும்பு முறிந்துவிட்டது. எலும்பு மருத்துவனான நான் எக்ஸ்ரே பார்த்தவுடன் கேட்டது: "பெரியம்மா, ஆபரேஷன் பேப்பர் எங்கே?"

"திருச்சி பீரோவிலே இருக்குடா" என்றார்.

அந்தக் காகிதத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று விளக்கவே இக்கட்டுரை.

செயற்கைத் தோள் மூட்டில் பெரும்பாலும் ஓர் உலோகத் தண்டு மேற்கை எலும்பினுள் இறங்கியிருக்கும். தண்டு முடியும் இடத்தில் பளு குவிவதால், விழும்போது அதன் அருகில் எலும்பு முறியக்கூடும். 1995-இல் ரைட், கோஃபீல்ட் என்ற மருத்துவர்கள் இம்முறிவுகளை மூன்றாக வகுத்தனர்: தண்டின் நுனியிலிருந்து மேல்நோக்கிச் செல்வது, நுனியிலிருந்து கீழ்நோக்கிச் செல்வது, நுனிக்கு முற்றிலும் கீழே அமைவது.

ஆனால் முறிந்த இடம் மட்டும் சிகிச்சையை முடிவு செய்வதில்லை. தண்டு உறுதியாக உள்ளதா, ஆடுகிறதா என்பதே முக்கியம்.

1. தண்டு உறுதி, எலும்பும் அதிகம் விலகவில்லை: கைக்கு பிரேஸ் அணிவித்து, அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துக் கவனிக்கலாம்.

2. தண்டு உறுதி, எலும்பு விலகிவிட்டது: பிளேட் வைக்க வேண்டும். தண்டு உள்ள பகுதியில் ஸ்க்ரூவுக்கு இடம் குறைவு. அங்கே கம்பியால் சுற்றிக் கட்டி, கீழே ஸ்க்ரூ போடுவார்கள்.

3. தண்டு ஆடுகிறது: அதை எடுத்துவிட்டு, முறிவைத் தாண்டிச் செல்லும் நீளத் தண்டு பொருத்த வேண்டும். அதற்குமுன் மூட்டில் கிருமித் தொற்று இல்லையென்று உறுதி செய்வது அவசியம்.

பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால் தண்டு இடம் மாறியதா என்று தெரியும். எந்தக் கம்பெனி மூட்டு, எவ்வளவு நீளம், சிமெண்ட் வைத்ததா என்பவை தெரிந்தால்தான் அதை எடுக்கத் தகுந்த கருவிகளைத் தயார் செய்ய முடியும்.

அன்றிரவே அண்ணன் பீரோவைத் திறந்து, எல்லாவற்றையும் படமெடுத்து போனில் அனுப்பினார். தண்டு அசையவில்லை. பிரேஸ் போதுமானதாயிற்று. நான்கு மாதம் கழித்து, காபி டம்ளரை வலது கையாலேயே தூக்கினார் பெரியம்மா.

ஒரு எச்சரிக்கை: இத்தகைய கையை இழுக்கவோ, எண்ணெய் தேய்த்து உருவவோ கூடாது. மேற்கை எலும்பை ஒட்டியே ரேடியல் நரம்பு செல்கிறது. மணிக்கட்டை மேலே தூக்க முடியாவிட்டால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து பெற்றோர் கிளம்பும்போது, ஊறுகாய் பாட்டிலோடு ஆபரேஷன் காகிதங்களின் நகலையும் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.