சென்சார் பேசவில்லையா? மூன்று கேள்விகளில் தொடங்குங்கள்

"சார், சென்சார் வேலை செய்யல" என்று சொல்லி மாணவர்கள் போர்டைக் கொண்டுவந்து வைக்கும்போது, புரோகிராமைத் திறப்பதற்கு முன் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். ஒன்றுமே வரவில்லையா? குப்பையாக வருகிறதா? ஒழுங்காக வந்துகொண்டிருந்து அவ்வப்போது தவறுகிறதா?

சீரியல் இணைப்பில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில் அடங்கிவிடும். மூன்றுக்கும் காரணங்கள் வேறு, தேட வேண்டிய இடமும் வேறு. அறிகுறியைப் பார்க்காமல் லைப்ரரியை மாற்றுவது, வயரைப் பிடுங்கி மறுபடி செருகுவது, புது சென்சார் வாங்குவது என்று போனால் நாள்தான் போகும். நான் அடிக்கடி கையாளும் பிஎம்எஸ்5003 என்ற சென்சாரை வைத்தே சொல்கிறேன். காற்றிலுள்ள நுண்துகள்களை அளந்து, யூஆர்ட் என்ற சீரியல் இணைப்பு வழியாக 9600 பாட் வேகத்தில் அனுப்பும் சென்சார் இது.

ஒன்றுமே வராவிட்டால்

முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். இந்த சென்சாருக்குள் சிறு மின்விசிறி இருப்பதால் 5 வோல்ட் கொடுத்தாக வேண்டும். ஆனால் அதன் சிக்னல் கால்கள் 3.3 வோல்ட்டில் வேலை செய்பவை. போர்டின் முனையில் அளக்காமல், சென்சாரின் கனெக்டரிலேயே அளந்து பாருங்கள். நீளமான பிரெட்போர்டுகள் பலவற்றில் ஓரத்துப் பவர் வரிசை நடுவில் துண்டாக இருக்கும். ஒரு பாதியில் மின்சாரம் இருக்கும், மறு பாதியில் இருக்காது.

அடுத்து கிரவுண்ட். சென்சாருக்கும் போர்டுக்கும் தனித்தனி அடாப்டர் வைத்திருந்தால் இரண்டின் கிரவுண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும். வோல்டேஜ் என்பதே இரு புள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசம்தான். பொதுவான கிரவுண்ட் இல்லாவிட்டால் எதிர்ப்பக்கத்துக்கு 0 எது, 1 எது என்று தெரியாது.

பிறகு சென்சாரின் டிஎக்ஸ் (அனுப்பும்) காலை அளந்து பாருங்கள். யூஆர்ட் லைன் சும்மா இருக்கும்போது உயர்ந்த நிலையில் நிற்கும். அதனால் அங்கே 3.3 வோல்ட்டை ஒட்டிய அளவு தெரிய வேண்டும். பூஜ்யம் காட்டினால் சென்சாருக்குப் பவர் போகவில்லை, அல்லது நீங்கள் தொட்டிருப்பது வேறு கால். சென்சாரின் டிஎக்ஸ் போர்டின் ஆர்எக்ஸுக்கு (பெறும் காலுக்கு) போக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சில மாட்யூல்களில் அச்சிட்டிருக்கும் பெயர் 'இதை எதிர்ப்பக்கத்து டிஎக்ஸோடு இணைக்கவும்' என்ற பொருளில் இருக்கும். அச்சுக்கும் மீட்டருக்கும் முரண்பாடு வந்தால் மீட்டரை நம்புங்கள்.

போர்டிலும் எந்தக் கால் என்பது முக்கியம். ஆர்டுயினோ ஊனோவில் 0, 1 ஆகிய இரு கால்களும் யூஎஸ்பியோடு பகிரப்பட்டவை. அங்கே சென்சாரை மாட்டினால் புரோகிராம் ஏற்றும்போதே தகராறு வரும். ஈஎஸ்பி32-இல் இரண்டாவது யூஆர்ட்டுக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் 9, 10 ஆகிய கால்கள் பெரும்பாலான போர்டுகளில் ஃபிளாஷ் மெமரிக்குப் போகின்றன. அவற்றைத் தொட்டால் போர்டே நிலைகுலையும். வேறு கால்களைப் புரோகிராமில் நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள்.

பிஎம்எஸ்5003 யாரும் கேட்காமலே தரவை அனுப்பிக்கொண்டிருக்கும். எனவே ஆரம்பத்தில் பவர், கிரவுண்ட், சென்சாரின் டிஎக்ஸ் என்ற மூன்று வயர்கள் போதும். வயர் குறைந்தால் சந்தேகமும் குறையும். பின்னால் கட்டளை அனுப்பத் தேவைப்பட்டால், ஊனோவின் 5 வோல்ட் சிக்னலை நேரடியாகக் கொடுக்காதீர்கள். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் 3.3 வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுங்கள்.

குப்பையாக வந்தால்

குப்பை வருவது ஒருவகையில் நல்ல செய்தி. பவரும் வயரும் பெரும்பாலும் சரி என்று தெரிந்துவிட்டது. அது உண்மையிலேயே குப்பையா என்று மட்டும் பாருங்கள். இந்த சென்சார் எழுத்துகளை அனுப்புவதில்லை, வெறும் எண்களை அனுப்புகிறது. அவற்றை சீரியல் மானிட்டரில் எழுத்தாகப் பார்த்தால் கிறுக்கலாகத்தான் தெரியும். ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக அச்சிட்டுப் பாருங்கள். 66, 77, 0, 28 என்ற வரிசை திரும்பத் திரும்ப வந்தால் தொடர்பு நலமாக இருக்கிறது என்று பொருள். முதல் இரண்டு எண்கள் தொடக்க அடையாளம். 28 என்பது இனி வரவிருக்கும் பைட்டுகளின் எண்ணிக்கை. இந்த நான்கும் அவையும் சேர்ந்த 32 பைட்டுகள்தான் ஒரு தொகுப்பு.

அந்த வரிசை வராவிட்டால் பாட் ரேட்டைச் சந்தேகியுங்கள். யூஆர்ட்டில் கிளாக் வயர் கிடையாது. இரு பக்கமும் தத்தம் கடிகாரத்தை நம்பியே ஓடுகின்றன. ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், எட்டுத் தரவு பிட்டுகள், முடிவு பிட் என்று பத்து பிட்டுகள். கடைசி பிட்டுக்கு வரும்போது அரை பிட் நேரம் விலகியிருந்தால் போதும், வாசிப்பு பிசகிவிடும். அதாவது இருபக்கப் பிழையும் சேர்ந்து 5 சதவீதத்தை நெருங்கக் கூடாது. கிரிஸ்டல் இல்லாமல் ஏடிமெகா328பி சிப்பை மட்டும் தனியாக வைத்து ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதன் உள் ஆசிலேட்டர் தொழிற்சாலை அளவீட்டில் 10 சதவீதம் வரை விலகியிருக்கலாம்.

வேகம் என்னவென்றே தெரியாத மாட்யூல் கைக்கு வந்தால் லாஜிக் அனலைசரை மாட்டி, மிகக் குறுகிய பல்ஸை அளந்து பாருங்கள். 104 மைக்ரோநொடி என்றால் 9600 பாட், 8.7 மைக்ரோநொடி என்றால் 115200 பாட். விலை மலிவான எட்டு சேனல் அனலைசரும் பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளும் இதற்குப் போதும்.

பாதையை இரண்டாக வெட்டுங்கள்

இதுவரை சொன்னதில் பிடிபடாவிட்டால், நான் மிகவும் நம்பும் வழி இது. யூஎஸ்பி-டிடிஎல் கன்வெர்ட்டர் ஒன்றை எடுத்து, அதன் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு ஜம்பரால் இணைத்து டெர்மினலில் தட்டுங்கள். தட்டியது அப்படியே திரும்பி வந்தால் கன்வெர்ட்டர் நலம். பிறகு சென்சாரை அதில் மாட்டிக் கணினியில் பாருங்கள். 66, 77 வந்தால் சென்சாரும் நலம். அடுத்து சென்சாரைக் கழற்றிவிட்டு, கணினியில் பதிவான 32 பைட்டுகளைக் கணினியிலிருந்தே போர்டுக்கு அனுப்புங்கள். எதிர்பார்த்த எண் வராவிட்டால் தவறு போர்டின் பக்கம்தான். யூகத்துக்கு இடமே இல்லாமல், கோளாறு எந்தப் பாதியில் என்று முடிவாகிவிடும்.

அவ்வப்போது தவறினால்

இதுதான் கடினமானது. முதலில் புரோகிராமில் எங்கெல்லாம் டிலே இருக்கிறது என்று தேடுங்கள். 9600 பாட்டில் ஒரு பைட் வர ஏறத்தாழ 1 மில்லிநொடி ஆகும். ஊனோவில் சீரியல் பஃபர் 64 பைட். இந்த சென்சாரின் இரண்டு தொகுப்புகளுக்குள் அது நிரம்பிவிடும். ஐந்து நொடி டிலே போட்டுவிட்டு வந்து படித்தால் கையில் கிடைப்பது பழைய தரவு, அதன் வால் அறுந்த நிலையில். ஆகவே லூப்பைத் தடையில்லாமல் ஓடவிட்டு, வரும் பைட்டுகளை அவ்வப்போதே எடுத்துவிட வேண்டும். நேரத்தை மில்லிஸ் கொண்டு கணக்கிடுங்கள்.

சாஃப்ட்வேர் சீரியல் பயன்படுத்துபவர்கள் இன்டரப்ட்டை நிறுத்திவைக்கும் லைப்ரரிகளைக் கவனியுங்கள். உதாரணமாக, நியோபிக்சல் எல்இடி விளக்கு ஒவ்வொன்றுக்கும் 30 மைக்ரோநொடி இன்டரப்ட் நிற்கும். 60 விளக்குகள் என்றால் 1.8 மில்லிநொடி. அதற்குள் ஒரு முழு பைட்டே கடந்து போயிருக்கும். முடிந்தால் ஹார்டுவேர் யூஆர்ட் கூடுதலாக உள்ள போர்டுக்கு மாறுங்கள்.

செக்சம் பார்க்காத எண்ணைக் காட்டாதீர்கள்

பைட் விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். தொகுப்பில் 13, 14ஆம் பைட்டுகள் பிஎம் 2.5 அளவு, அடுத்த இரண்டும் பிஎம் 10 அளவு. உண்மையில் அவை 40, 55 என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு முன்னால் ஒரு பைட் விழுந்தால் பிஎம் 2.5 என்ற இடத்தில் 10240 தெரியும். அது தவறென்று யாருக்கும் புரியும். இரண்டு பைட்டுகள் விழுந்தால் தெரிவது 55. யாருக்கும் சந்தேகம் வராது. அந்த எண் கிராஃபிலும் ஏறும், அறிக்கையிலும் ஏறும்.

தொடக்க அடையாளத்தைத் தேடிப் பிடிப்பது மட்டும் போதாது. 66, 77 என்ற ஜோடி துகள் எண்ணிக்கையிலும் தற்செயலாக வரலாம். முதல் 30 பைட்டுகளின் கூட்டுத்தொகை கடைசி இரண்டு பைட்டுகள் சொல்லும் எண்ணோடு, அதாவது செக்சமோடு, ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்தத் தொகுப்பை அப்படியே எறிந்துவிடுங்கள். எத்தனை எறிந்தோம் என்பதையும் எண்ணி வையுங்கள். அந்த எண்ணிக்கை திடீரென ஏறினால், வயரோ பவரோ தளர்கிறது என்ற முன்னெச்சரிக்கை கிடைத்துவிடும்.

சில நொடிகள் நல்ல தொகுப்பே வராவிட்டால் திரையில் பழைய எண்ணை நிறுத்தி வைக்காமல் 'தரவு இல்லை' என்று காட்டுங்கள். ஆஸ்துமா உள்ள குழந்தையை வெளியே விளையாட விடலாமா என்று ஒரு தாய் அந்தத் திரையைப் பார்த்து முடிவு செய்யக்கூடும். 'தரவு இல்லை' என்று கண்டால் அவர் வேறு வழியில் விசாரித்துக்கொள்வார். தவறான 55-ஐக் கண்டால் அதை நம்பிவிடுவார். செக்சம் பார்க்கும் அந்தச் சில வரிகளை எழுதாமல் எந்தக் கருவியையும் பிறர் கையில் கொடுக்காதீர்கள்.