சேணப்புண்: காத்தலும் ஆற்றுதலும்

மனிதனுக்குத் தன் முதுகையே ஈந்து உழைக்கும் விலங்கு குதிரை. தன்மேல் ஏறியிருப்பானை நோக்கி, "இவ்விடத்தில் எனக்கு நோகின்றது" என்று அது சொல்லமாட்டாது. சேணத்தின் கீழே மறைந்திருக்கும் அதன் நோவை ஏறுவோனே தேடி அறிதல் வேண்டும். சேணப்புண் எவ்வாறு உண்டாகின்றது, அதனைத் தடுப்பதும் ஆற்றுவதும் எங்ஙனம் என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இஃதோர் அற்பக் காரியமன்று என்பதற்குச் சரித்திரம் சான்று பகரும். தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நிகழ்ந்த போயர் போரிற் பிரிட்டிஷ் படை இழந்த குதிரைகள் 3,00,000-க்கு மேற்பட்டன. பகைவர் குண்டுக்கு இரையானவற்றினும், பட்டினியாலும் களைப்பாலும் நோயாலும் மடிந்தவையே மிகப் பலவாம். கடற்பயணக் களைப்பு நீங்குமுன்னரே அவற்றுட் பல போருக்குச் செலுத்தப்பட்டன. தீனி குறைந்து உடல் மெலியுமாயின், முன்னர்ப் பொருந்திய சேணமும் பின்னர் எலும்பின்மேல் அழுந்தும், முதுகு புண்படும். அக்குதிரைகளின் நினைவாக 1905-ஆம் ஆண்டில் போர்ட் எலிசபெத் நகரில் ஒரு சிலை நாட்டப்பட்டது. முழந்தாளிட்ட போர்வீரன் ஒருவன் வாளியில் நீரேந்திக் குதிரைக்கு ஊட்டுவதாக அஃது அமைந்துள்ளது.

சேணப்புண்ணுக்குக் காரணங்கள் இரண்டு: ஒன்று அழுத்தம், மற்றொன்று உராய்வு. ஓரிடத்தே அழுத்தம் மிகுந்தால் அங்கே குருதியோட்டம் தடைப்பட்டுத் தசை நலியும். சேணம் அசைந்து தேய்த்தால் மயிர் உதிர்ந்து தோல் உரியும். வியர்வையின் ஈரமும், காய்ந்த உப்பும், புழுதியும் இவ்விரண்டுக்கும் துணைபோவன. தோள்களுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் மேடு, முதுகெலும்பின் இருபுறம், வயிற்றுவார் செல்லும் முழங்கையின் பின்புறம், கடிவாள இரும்பு தொடும் கடைவாய் ஆகியவையே பெரும்பாலும் புண்படும் இடங்கள்.

இனிக் காக்கும் முறை. சேணத்தின் பாரம் முதுகெலும்பின் இருபுறத்துத் தசைகளின்மேல் விரவி நிற்றல் வேண்டும். எலும்பின்மேல் ஒருபோதும் படலாகாது. ஏறுவோன் அமர்ந்த பின்னரும் தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையுமளவு வெளியிருத்தல் நன்று. பொருந்தாத சேணத்தின்கீழ் மற்றுமொரு கம்பளத்தை இடுவோர் சிலர். இறுகிய செருப்புக்குள் தடித்த காலுறை அணிதல் போல அது நோவைப் பெருக்குமேயன்றித் தணிக்காது. சேணமிடுமுன் முதுகையும் வயிற்றையும் துடைத்து, மயிர் படிந்துள்ள திசையிலேயே சேணத்தைப் பின்னோக்கி நகர்த்தி அமைக்க. வயிற்றுவாரைச் சிறிது சிறிதாக இறுக்கி, முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னே இழுத்துவிட்டால், வாரின்கீழ் மடிந்த தோல் நிமிரும். விரிப்பும் வாரும் நாடோறும் தூயனவாய் இருத்தல் அவசியம்.

பயணத்தின் இறுதியிற் குதிரையை மெல்ல நடத்தி, வாரைத் தளர்த்திச் சிறிது நேரங்கழித்துச் சேணத்தை இறக்குக. பின்பு உள்ளங்கையால் முதுகு முழுவதையும் தடவிப் பார்த்தல் வேண்டும். வெப்பமோ வீக்கமோ தென்படினும், தொட்டவிடத்து குதிரை சுளித்து விலகினும், அதுவே முதல் எச்சரிக்கை. வீக்கம் சிலபோது தாமதித்தே தோன்றுமாதலின், ஒரு மணி நேரங்கழித்து மீண்டும் ஒருமுறை தடவிப் பார்த்தல் சிறந்தது.

புண் உண்டாயின் முதல் மருந்து ஓய்வே. தோல் உரியாது வீங்கியிருப்பின் குளிர்ந்த நீர் ஒத்தடம் இடலாம். தோல் உரிந்திருப்பின், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பிட்டு மெதுவாகக் கழுவி, ஈ மொய்க்காமற் காக்க வேண்டும். காரமான மருந்துகள் புதிதாய்த் தோன்றும் தசையையும் அழிக்குமாதலின் அவற்றை விலக்குக. குதிரைக்கு இசிவுநோய் எளிதிற் பற்றுமாகையால், அதற்குரிய தடுப்பூசி முறைப்படி இடப்பட்டதா என்று அறிதல் வேண்டும். ஆழ்ந்த புண்ணையும், சீழ் பிடித்த புண்ணையும், தோள்மேட்டு வீக்கத்தையும் கால்நடை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டுக.

புண் ஆறி, மயிர் முளைத்து, தொட்டால் நோவின்றி இருக்கும் வரை அவ்விடத்திற் சேணம் படலாகாது. புண்ணுக்குக் காரணமான சேணத்தைத் திருத்தாமல் மருந்திடுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பதை ஒக்கும்.

ஆழ்ந்த புண் ஆறிய இடத்தில் வெண்மயிர் முளைப்பதுண்டு. மயிருக்கு நிறமூட்டும் நுண்ணுயிரணுக்கள் அழிந்துபோவதே அதற்குக் காரணம். கருங்குதிரையின் முதுகிலே காணும் அவ்வெண்புள்ளி, என்றோ ஒருவன் பாராமுகமாய் இருந்தமையை அதன் வாழ்நாள் முழுவதும் அறிவித்து நிற்கும். விரைந்து செலுத்துதல் பலர்க்கும் கைவரும். இறங்கியவுடன் தன் களைப்பை மறந்து, சேணத்தின்கீழ்க் கைவைத்துப் பார்ப்பவனே குதிரையேற்றம் கற்றவன் எனப்படுவான்.