கனம் குறைந்தால் விமானம் மாறும்!

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு)



காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் ஃபைபர் படகுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அந்தக் கரையில் கட்டுமரங்கள்தான் அதிகம். என் அப்பா ஃபைபர் படகுகளைப் பழுது பார்ப்பவர், பள்ளிக்கூடம் போகாதவர். கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் பூசி, ரோலர் போட்டு அமுக்கி, மேலே அடுத்த பாயை ஒட்டுவார். "இதுல இன்னாடா படிப்பு இருக்குது?" என்று கேட்பார். இருக்கிறது. நாளைய விமானமே இந்த வித்தையில்தான் இருக்கிறது.

ஏன் எடை குறைய வேண்டும்?

எடை குறைந்தால் சிறிய இறக்கை போதும், சிறிய எஞ்சின் போதும், எரிபொருளும் குறைவு. எரிபொருள் குறைந்தால் மொத்த எடை மறுபடியும் குறையும். ஓரிடத்தில் மிச்சம் பிடித்தால் எல்லா இடத்திலும் மிச்சம்.

1903-ல் ரைட் சகோதரர்கள் மரத்தாலும் துணியாலும் விமானம் செய்தார்கள். பிறகு அலுமினியக் கலவைகள் வந்தன. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு சுமார் 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம், கார்பன் இழைக் கலப்புப் பொருளோ சுமார் 1.6 கிராம்தான். அப்பாவின் கண்ணாடி இழைக்குப் பதில் கார்பன் இழை, பாலியெஸ்டர் ரெசினுக்குப் பதில் பெரும்பாலும் எபாக்சி. அதை ஆட்டோகிளேவ் என்ற பெரிய பிரஷர் குக்கரில் வேக வைக்கிறார்கள்.

நம் நாட்டின் தேஜஸ் போர் விமானம் 2001 ஜனவரி 4-ல் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்தது. 2016-ல் விமானப்படையில் சேர்ந்தது. அதன் உடற்கட்டு எடையில் சுமார் 45 சதவீதம் கலப்புப் பொருள்கள். 2011-ல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787-ல் சுமார் 50 சதவீதம்.

வடிவம் எப்படி மாறும்?

உலோகத் தகடு எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே பலம் உடையது. இழைக்கு நீளவாக்கில்தான் பலம். விசை எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசையில் இழைகளை அடுக்கலாம். ரிவெட் அடித்துச் சேர்த்த பல பாகங்களை ஒரே பாகமாகச் செய்யலாம். இறக்கையை நீளமாக, மெல்லியதாக அமைத்துக் காற்றின் இழுவையைக் குறைக்கலாம். 2020-ல் முதலில் பறந்த போயிங் 777 எக்ஸ் விமானத்தின் இறக்கை அகலம் 71.8 மீட்டர். தரையில் நிற்க இடம் வேண்டுமே! நுனிகளை மடித்து 64.8 மீட்டராக்கிக் கொள்கிறது.

ஆனால் ஒரு சிக்கல்

அலுமினியத்தில் அடிபட்டால் நசுங்கும், கண்ணுக்குத் தெரியும். கலப்புப் பொருளில் வெளியே சின்னக் கீறல்தான் இருக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். இதற்கு டீலாமினேஷன் என்று பெயர்.

போன வருஷம் கல்லில் மோதிய ஒரு படகு வந்தது. நான் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லப்பா, கலர்தான் போயிருக்குது" என்றேன். அப்பா ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போனார். டக் டக் என்ற சத்தம் ஓரிடத்தில் பொத் பொத் என்று மாறியது. அறுத்துப் பார்த்தால் பாய் பிரிந்து தண்ணீர் இறங்கியிருந்தது. "தட்டிப் பாக்காம சொல்லாத. இதுல நாலு பேரு கடலுக்குப் போறாங்க" என்றார். என் பேச்சைக் கேட்டு அந்தப் படகை அனுப்பியிருந்தால்? அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

விமானத்திலும் இதே காசு தட்டும் சோதனை உண்டு என்று பிறகுதான் படித்தேன். அதற்கு மேல் அல்ட்ராசோனிக் சோதனை இருக்கிறது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்!

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. கண்ணில் படாத அடியையும் தாங்க வேண்டும் என்பதற்காகவே டிசைனர்கள் கூடுதல் அடுக்குகள் வைக்கிறார்கள். அதுவும் எடைதானே? பழுதை நிச்சயமாகக் கண்டுபிடிக்க முடிந்தால் அந்த எடையிலும் ஒரு பகுதி குறையும். பொருளுக்குள்ளேயே சென்சார் இழைகளைப் பதிக்கும் ஆராய்ச்சி நடப்பது இதற்காகத்தான்.

ஆகவே நண்பர்களே, விமானம் என்றால் பெரிய படிப்புக்காரர்களின் வேலை என்று ஒதுங்காதீர்கள். சிதைக்காமல் சோதிக்கும் என்.டி.டி. துறை டிப்ளமோ படிக்கும் நாமும் கற்கக்கூடியதே. நாளைய விமானம் எவ்வளவு இலேசாகும் என்பது சோதிப்பவரின் கையிலும் இருக்கிறது.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. மலர் கைக்கு வந்ததும் இதை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில்.