வல்லிசைப் பயிற்சியும் சிறு ஆம்ப்ளிபையரும்

தென்காசி, குற்றாலம் ஆகிய ஊர்களில் கித்தார் புதிய வாத்தியமன்று. ஆலயப் பாடற்குழுக்களிலும் கலியாணக் கச்சேரிகளிலும் அதனைப் பலகாலும் கேட்டிருக்கின்றோம். ஆயின் மின்கித்தாரைக்கொண்டு ‘ஹெவி மெட்டல்’ எனப்படும் வல்லிசையை வீட்டிலிருந்தே பயில விரும்பும் மாணாக்கர்க்கு முதலில் எதிர்ப்படும் வினா, எத்தகைய ஆம்ப்ளிபையரை வாங்குவது என்பதாம். இவ்வினா சிறிதெனத் தோன்றினும் சிறிதன்று. பெற்றோர் அரிதின் ஈட்டிய பொருள் ஒருபுறம். சுவரோடு சுவர் ஒட்டிய அயல்வீட்டாரின் உறக்கம் மற்றொருபுறம். பொருந்தாததை வாங்கியவன் ஒன்று அயலாரோடு பகைப்பான். அன்றேல் பயிற்சியையே கைவிடுவான். ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் களையவேண்டிய மயக்கம் ஒன்றுண்டு. வன்மை வேறு, ஓசைமிகுதி வேறு. தமிழ் பயில்வார்க்கு இஃது எளிதில் விளங்கும். க, ச, ட, த, ப, ற என்னும் ஆறும் வல்லினம். அவற்றைக் கூவிச் சொல்லினும் வல்லினமே. காதோடு காதாய்ச் சொல்லினும் வல்லினமே. மெல்லினத்தை எத்துணை உரத்துச் சொல்லினும் அது வல்லினமாகாது. கித்தாரின் வன்மையும் அத்தன்மைத்தே. தந்தியினின்று வரும் மின்னலையைத் தன் எல்லைக்கு மேல் பெருக்க ஆம்ப்ளிபையர் முயலுங்கால், அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அதனாற் புதிய மேல் அதிர்வுகள் பல பிறக்கின்றன. ‘டிஸ்டார்ஷன்’ என்பது இதுவே. இவ்வெட்டு நிகழ்ந்தபின் ஓசையைக் குறைப்பினும் வன்மை பெரும்பாலும் நீங்காது.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. 1964-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ‘கிங்க்ஸ்’ குழுவைச் சார்ந்த டேவ் டேவிஸ் என்பார், ‘எல்பிகோ’ என்னும் சிறிய ஆம்ப்ளிபையரின் ஸ்பீக்கர்த் தாளைச் சவரத் தகட்டாற் கீறி, அதனைப் பெரியதொன்றோடு இணைத்து வாசித்தார். வன்மையைத் தந்தது சிறியது. ஓசையைப் பெருக்கியது பெரியது. மறுதலையாக, மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின்மாண்டலினைக்கொண்டே கருநாடக சங்கீதத்தின் நுண்ணிய கமகங்களை வாசித்தார். எனவே மின்சாரமும் ஆம்ப்ளிபையரும் தம்மளவில் வன்மையுடையன அல்ல என்பது தெளிவு.

இனி, ‘வாட்’ கணக்கை நோக்குவோம். வாட் மிகுந்தால் ஓசையும் அவ்வளவே மிகும் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. மின்னாற்றல் பத்து மடங்கானால் ஓசை 10 டெசிபல் ஏறும். நம் செவிக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். ஆகவே 50 வாட் கருவி 5 வாட் கருவியினும் ஏறக்குறைய இரு மடங்கே உரக்க ஒலிக்கும். கித்தார் ஸ்பீக்கர்கள் பல, ஒரு வாட் அளவிலேயே ஒரு மீட்டர் தொலைவில் 90 டெசிபல் அளவோ அதனின் மிகுதியாகவோ ஒலிப்பன. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளோ குடியிருப்பிடங்கட்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் என வரையறுக்கின்றன. இவற்றை ஒப்பிடுவார்க்கு, வீட்டறைக்கு ஒரு வாட்டும் மிகை என்பது விளங்கும். சாரற்காலத்தில் குற்றாலப் பேரருவியின் முழக்கத்தருகே நிற்போர் குரலை உயர்த்தியே பேசுவர். தென்காசித் தெருவின் நள்ளிரவிலோ மெல்லிய ஓசையும் பெரிதாய்க் கேட்கும். எவ்வளவு ஓசை தகும் என்பதை இடமும் வேளையுமே தீர்மானிக்கின்றன.

அங்ஙனமாயின் எவற்றை நோக்கி வாங்குவது? முதலாவது, வன்மையைக் கூட்டும் ‘கெயின்’ திருகும், ஓசையைக் கூட்டும் ‘வால்யூம்’ திருகும் தனித்தனியே இருத்தல் வேண்டும். இரண்டாவது, ஸ்பீக்கரின் அளவு. கித்தாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிர்வது; வல்லிசையார் அதனை மேலும் தளர்த்துவர். மூன்று நான்கு அங்குல ஸ்பீக்கர் இத்தாழ்ந்த சுரங்களை நன்கு எழுப்பமாட்டாது. ஆறரை அல்லது எட்டு அங்குலம் அறைக்கு ஏற்றது. இடமும் பொருளும் உடையார், ‘பாஸ் கட்டானா 50’ போன்று 12 அங்குல ஸ்பீக்கருடன், ஆற்றலை அரை வாட்டாகக் குறைக்கும் வசதியும் உடையதைத் தேரலாம். மூன்றாவது, ஹெட்போன் துளை. இரவிற் பயில்வார்க்கு இஃது இன்றியமையாதது. ஆயினும் ஸ்பீக்கர்ப் பெட்டியின் ஒலியைப் போலச்செய்யும் அமைப்பு உள்ளே இராவிடின், ஹெட்போனில் வண்டிரைச்சலே கேட்கும். நான்காவது, அயல்நாட்டினின்று உறவினர் கொணரும் கருவியாயின், அது 230 வோல்ட்டுக்கு உரியதா என்று பார்த்தல் வேண்டும். 120 வோல்ட்டுக்கு மட்டும் உரியதை நேரே செருகினால் கெட்டுப்போம்.

கடைக்குச் செல்வோர் தம் கித்தாரையே கொண்டுசெல்க. இருவர் உரையாடும் அளவுக்கு ஓசையைக் குறைத்து, உள்ளங்கையின் விளிம்பால் தடித்த தந்தியை அடக்கி விரைந்து மீட்டுக. ஒவ்வொரு மீட்டும் தனித்தனியே கேட்குமாயின் அது நல்லது. குழம்பிக் கேட்குமாயின், விலை குறைவெனினும் விடுக. உரக்க ஒலிக்கையில் எல்லாக் கருவியும் இனிதெனவே தோன்றும்.

வீட்டிற்குக் கொணர்ந்தபின் கவனிப்பனவும் சில உள. தாழ்ந்த சுரங்கள் சுவரை ஊடுருவிச் செல்வன. அறை மூலையில் வைப்பின் மேலும் பெருகுவன. ஆதலின் கருவியைத் தரையிலும் மூலையிலும் வையாது, நாற்காலியின்மீது செவிக்கு நேராக வைத்து, ‘பாஸ்’ திருகைக் குறைத்திடுக. சாரற்காற்றின் ஈரத்தால் எஃகுத் தந்திகள் துருவேறும். வாசித்தபின் துணியால் துடைத்தல் நலம்.

இறுதியாக ஒன்று. கெயின் மிகுந்துழி, மெல்ல மீட்டியதும் வலிய மீட்டியதும் ஒரே அளவாய்க் கேட்கும். விரலின் பிழை மறைந்துவிடும். கேட்பாரை அது மகிழ்விக்கலாம், பயில்வானை ஏமாற்றும். எனவே பயிலும்போது கெயினைக் குறைத்து, வன்மையைக் கையினாலேயே வருவிக்கப் பழகுதல் வேண்டும். வல்லெழுத்துக்குப் பிறப்பிடம் நெஞ்சு என்பர் நன்னூலார். வல்லிசைக்கோ பிறப்பிடம் விரல். ஆம்ப்ளிபையர் அதற்கு வாயில் மாத்திரமே. இதனை உணர்ந்தவனுக்குச் சிறு கருவியே அமையும். அயல்வீட்டாரும் அமைதியாய் உறங்குவர்.