மழைக்கு முன் ஓர் ஊர் ஒத்திகை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் மட்டும் சுமார் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. புயல் ஓய்ந்தது என்று பலரும் எண்ணியிருந்த வேளையில், டிசம்பர் 2 அதிகாலை, சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்தில் அரசூர் அருகே நெடுஞ்சாலையே வெள்ளத்தில் மூழ்கியது.

இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்று. நம் ஊரில் மழை நின்றாலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. மேலே பெய்த மழை பின்னால் ஆற்றில் வரும். ஆகவே ஏரி உடைப்புக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் தனித்தனியே ஒத்திகை தேவை.

எப்போது நடத்துவது?

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வலுக்கும். எனவே புரட்டாசியிலேயே ஒத்திகையை முடித்துவிடுவது நலம். ஊராட்சி, கிராம நிர்வாக அலுவலர், பள்ளி ஆசிரியர், மகளிர் குழுவினர், இளைஞர்கள் ஆகியோரைக் கலந்து நாள் குறிக்க வேண்டும்.

முதல் நாள்: உட்கார்ந்து பேசுதல்

தரையில் ஊரின் படத்தை வரையவும். ஏரிக்கரையின் பலவீனமான இடம், மடை, கலிங்கல், தாழ்ந்த தெரு, மேட்டு நிலம், பள்ளிக்கூடம் ஆகியவற்றைக் குறிக்கவும். பிறகு, "இரவு 2 மணி, மின்சாரம் இல்லை, ஆற்றில் நீர் வருவதாகச் செய்தி. முதலில் யார் என்ன செய்வது?" என்று கேட்கவும். பதில் வராத இடமே ஊரின் குறை.

வேலைப் பங்கீடு

40 வீடுகள் உள்ள தெருவுக்கு 4 பேர் என்றால் ஒருவருக்கு 10 வீடுகள். முதியோர், கர்ப்பிணிகள், நடக்க இயலாதோர் உள்ள வீடுகளை முதலில் எழுதவும். ஒவ்வொரு வேலைக்கும் மாற்று ஆள் ஒருவர் வேண்டும். குறித்தவர் அன்று வெளியூர் போயிருக்கலாம்.

இரண்டாம் நாள்: செய்து பார்த்தல்

ஒலிபெருக்கியை மட்டும் நம்பாமல், மின்சாரமின்றி இயங்கும் மணி அல்லது விசிலைப் பயன்படுத்தவும். மணி அடித்ததிலிருந்து கடைசி ஆள் பள்ளிக்கூடம் சேரும்வரை கடிகாரத்தில் நேரம் பார்க்கவும். கறவை மாடுகளையும் ஆடுகளையும் மேட்டுக்கு ஓட்டிப் பார்க்கவும். அவிழ்க்க நேரமில்லாமல் முளையிலேயே கட்டப்பட்டு நிற்கும் மாடு வெள்ளத்தில் தப்பாது. விதை நெல், நிலப் பட்டா, வங்கிப் புத்தகம் இவற்றைப் பாலிதீன் பையில் கட்டி எடுக்கப் பழகவும். பம்பு செட்டின் மெயின் சுவிட்சை முன்கூட்டியே அணைக்க வேண்டும். நீர் சூழ்ந்த பிறகு அதன் அருகே போகக்கூடாது.

முடிந்ததும் அன்றே கூடி, தாமதம் எங்கே நேர்ந்தது என்று பேசவும். யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். குறையைத் திருத்தி ஒருமுறை இரவிலும் நடத்தவும்.

பயன் உண்டா?

வங்கதேசத்தில் 1970ஆம் ஆண்டுப் புயலில் சுமார் 3 லட்சம் பேர் இறந்தனர். பின்னர் கிராமம்தோறும் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தனர். புயல் காப்பகங்களும் கட்டினர். 2007இல் வந்த கடும் புயலில் இறந்தோர் சில ஆயிரங்களுக்குள் அடங்கினர். அதுவும் பேரிழப்பே. ஆயினும் வேறுபாடு விளங்கும்.

மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. கால்நடை மருத்துவ அவசர ஊர்தியின் எண் 1962. இரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கவும். மூழ்கிய பயிரை அடுத்த பட்டத்தில் மீண்டும் நடலாம். உயிரை அவ்வாறு மீட்க முடியாது.